கடுமையின் செலவு யார் கணக்கில்?

நாட்டின் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கிய புதிய சட்டங்கள் 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. அவற்றைப் பற்றிய விவாதங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், ஆள்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெறவேண்டிய நிறுவனங்களின் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300-ஆக உயர்ந்தது ஆகியவை குறித்துத் தொழிற்சங்கத்தினரும் தொழிலதிபர்களும் நிறையவே பேசியிருக்கிறார்கள். தொழிலுறவுத் தொகுப்பின் 4-ஆவது பிரிவைப் பற்றித்தான் அதிகப் பேச்சில்லை.

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பணிபுரியும் ஒவ்வொரு தொழில் நிறுவனத்திலும் குறைதீர்க்கும் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். பெண்களுக்குப் போதிய இடம் தரப்பட வேண்டும். தலைமைப் பொறுப்பு ஆண்டுதோறும் இரு தரப்புக்கும் மாறி மாறி வர வேண்டும். மனு வந்த 30 நாள்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. இது முற்றிலும் புதிய ஏற்பாடும் அன்று. தொழில் தகராறுச் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்திலேயே இத்தகைய குழுவுக்கு இடம் இருந்தது. ஆனால், தம் ஆலையில் அப்படியொரு குழு இருக்கிறதா என்று கேட்டால் விழிக்கும் தொழிலாளர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன்.

இந்தச் சிறு பிரிவை நான் பெரிதாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு தொழிலாளி தம் பணி வாழ்வில் முதலாளியைப் பார்ப்பது அபூர்வம். சட்டத்தை அவர் படிப்பதில்லை. அவர் நாள்தோறும் பார்ப்பது தமக்கு ஒரு படி மேலே நிற்பவரைத்தான். நூற்பாலையில் அவர் மேஸ்திரி அல்லது சூபர்வைசர். பட்டாசு ஆலையில் போர்மேன். ஜவுளிக்கடையில் மாடிப் பொறுப்பாளர். வங்கியில் வட்டார மேலாளர். கல்லூரியில் துறைத்தலைவர் அல்லது முதல்வர். விடுப்பு கிடைக்குமா, கழிப்பறைக்குப் போக முடியுமா, நாலு பேர் முன்னால் வசவு விழுமா என்பதையெல்லாம் அன்றாடம் தீர்மானிப்பவர் அவர். அவர் நல்லவராக அமைவதும் கெட்டவராக அமைவதும் தலையெழுத்து என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அது தலையெழுத்து அன்று. அமைப்பின் விளைவு என்பதே என் கருத்து.

நான் வசிப்பது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில். தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு; இது அரசு சிமென்ட் ஆலை இருக்கும் ஊர். 1970-இல் தொடங்கிய அந்த ஆலையால் இவ்வூரில் தொழிற்சங்கம் என்பது அன்றாடப் பேச்சில் புழங்கும் சொல். ஆனால், விடியற்காலையில் இவ்வட்டாரத்துச் சாலைகளில் நின்றால் வேறோர் உலகத்தையும் பார்க்கலாம். ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளுக்கும், வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்கும் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் வரிசையாகப் போகும். அந்த வேன்களில் போகிறவர்களுக்குச் சங்கம் என்பது பெரும்பாலும் காதில் கேட்ட சொல் மட்டுமே. மேலே இருப்பவரின் மனநிலைதான் அவர்களுடைய அன்றைய வானிலை அறிக்கை.

கெட்ட மேலாளர் எப்படி உருவாகிறார் என்பதை விளக்கத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு தெளிவான சான்று உண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தென்தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்துச் சென்றவர்கள் கங்காணிகள். அவர்கள் அதே ஊரார். பல வேளைகளில் உறவினரும்கூட. அப்படியிருந்தும் கங்காணி என்ற சொல்லே பின்னாளில் கொடுமையின் மறுபெயரானது. தம் கூட்டத்தில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் கணக்கிட்டுக் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பி மலைக்கு அனுப்பினால் அவருக்கு வருமானம், அனுப்பாவிட்டால் நட்டம். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றால் 'துண்டு முறை' குறுக்கே நின்றது. அவருடைய கடன் தொகையைக் குறித்த துண்டுச் சீட்டைப் பெற்று, புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்தால்தான் அவர் நகர முடியும். அந்த முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது.

கங்காணிகள் எல்லோரும் பிறவியிலேயே கொடியவர்களா? இருக்க முடியாது. அவருடைய வருமானம் எதைப் பொறுத்திருந்தது, அவருக்குக் கீழே இருந்தவரால் வெளியேற முடிந்ததா, அவரைப் பற்றி முறையிட ஓர் இடம் இருந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கான விடையிலேயே அவருடைய நடத்தை அடங்கியிருந்தது. இந்த மூன்று கேள்விகளையும் இன்றைய எந்தப் பணியிடத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூல் ஒன்றில் இதற்கு ஒரு சட்டகம் தந்தார். ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு: வெளியேறுவது அல்லது குரல் கொடுப்பது. இரண்டில் ஒன்றாவது திறந்திருந்தால் மேலே இருப்பவருக்குச் செய்தி போய்ச் சேரும். இரண்டும் அடைபட்டுவிட்டால் சீர்கேடு தொடரும். ஆனால் வெளியே தெரியாது. அந்த அமைதியைத்தான் பல நிர்வாகங்கள் ஒழுங்கு என்று தவறாகப் புரிந்துகொள்கின்றன.

இங்கே ஒரு கணக்குச் சிக்கலும் இருக்கிறது. ஒரு சூபர்வைசர் கத்தி, மிரட்டி, இடைவேளையைக் குறைத்து அன்றைய உற்பத்தியைக் கூட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் அன்று மாலையே அவருடைய பெயரில் பதிவாகிவிடும். அதனால் நேரும் செலவு அவருடைய பெயரில் பதிவாவதில்லை. அடுத்த மாதம் நான்கு பெண்கள் வேலையை விட்டு நின்றால் அது மனிதவளத் துறையின் பிரச்னை. புதியவர்களுக்குப் பயிற்சி தரும் செலவு நிறுவனத்துக்கு. தலைவலிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்கும் செலவு தொழிலாளியின் குடும்பத்துக்கு. படுத்துவிட்டால் மருத்துவச் செலவு இஎஸ்ஐ மருத்துவமனைக்கு. ஆலைப் புகையை வெளியே விட்டு இலாபத்தை உள்ளே வைத்துக்கொள்வதைப் புறவிளைவு என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். கெட்ட மேலாண்மையும் அதே வகைதான். வரவு ஒருவர் கணக்கில், செலவு பலர் கணக்கில்.

இந்தச் செலவை அளக்க முடியாது என்று சொல்வோர் உண்டு. அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய சேவை நிறுவனம் ஒன்றில் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் அன்றாட வேலையளவை எட்வர்ட் லேஸியர் உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். தரத்தில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருக்கும் மேலாளரை மாற்றி, முதல் பத்து சதவீதத்தில் இருப்பவரை அமர்த்தினால் கிடைக்கும் பலன், 9 பேர் கொண்ட குழுவில் பத்தாவதாக ஓர் ஆளைச் சேர்ப்பதால் கிடைக்கும் பலனைவிட அதிகம் என்று கண்டறிந்தனர். ஆள் பற்றாக்குறை என்று அன்றாடம் வருந்தும் நம் ஆலை நிர்வாகங்கள் யோசிக்க வேண்டிய முடிவு இது.

உடல்நலச் செலவும் சிறிதன்று. இலண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த 'வைட்ஹால்' ஆய்வுகள் உலகப் புகழ் பெற்றவை. தம் வேலையின் மீது தமக்குக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்ததையும், மேலதிகாரி தம்மை நியாயமாக நடத்துகிறார் என்று கருதியவர்களுக்கு அது குறைவாக வந்ததையும் அவை காட்டின. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றால் உலகம் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாள்களை இழக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இதில் மேலாளர்களின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரிக்க முடியாவிட்டாலும், ஒரு பங்கு இருக்கிறது என்பதை வேலை பார்த்த எவரும் மறுக்கமாட்டார்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய செலவு, உண்மை மேலே போகாமல் நின்றுவிடுவது. நான் பணியாற்றிய கல்லூரிகளுள் ஒன்றில், குறையைச் சொல்ல வந்தவரையே குற்றவாளியாக்கி நிற்கவைக்கும் முதல்வர் ஒருவர் இருந்தார். சில வகுப்புகளில் மாணவர் வருகை வெகுவாகக் குறைந்தது. அதைச் சொல்லப் போன இளம் ஆசிரியர் ஒருவர், பாடம் நடத்தத் தெரியாதவர் என்று ஆசிரியர் கூட்டத்திலேயே அவமதிக்கப்பட்டார். அதன் பிறகு எவரும் சொல்லவில்லை. பதிவேடுகள் எல்லாம் அழகாக இருந்தன. தேர்வு முடிவுகள் வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் அந்த முதல்வர் ஓய்வு பெற்றுப் பாராட்டு விழாவும் கண்டுவிட்டார். தவறிய பாடங்களைத் திரும்ப எழுதியவர்கள், ஊர்ப்புறங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள்.

கல்லூரியில் இதன் விலை சில மதிப்பெண்கள். எங்கள் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் அதன் விலை உயிர். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அச்சன்குளம் விபத்தையொட்டித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குழு அமைத்து விசாரித்தது. உரிம விதிகள் தடைசெய்துள்ள உள்குத்தகை முறை அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. உரிமம் ஒருவர் பெயரில். அறைகள் பலருக்கு வாடகைக்கு. வாடகைக்கு எடுத்தவருக்குக் குறுகிய காலத்தில் முதலை எடுத்தாக வேண்டும். ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்ற விதியெல்லாம் அந்த அவசரத்தில் அடிபட்டுப் போகும்.

அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு ஆபத்து தெரியாது என்று நினைப்பது தவறு. பத்து, இருபது ஆண்டுகள் மருந்தோடு பழகிய கைகள் அவை. அறையில் ஆள் மிகுந்துவிட்டது என்பதும் உராய்வு ஆபத்தானது என்பதும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சொன்னால் நாளை வேன் தம் வாசலில் நிற்காது என்பதும் தெரியும். அபாயகரமான செயல்முறைகள் உள்ள ஆலைகளில், உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் கூறியது. அத்தகைய உரிமை ஏட்டில் இருந்து என்ன பயன்? எச்சரித்தவர் மறுநாளும் வேலைக்கு வரமுடியும் என்ற உறுதி இருந்தால்தான் அது உரிமை.

பெண் தொழிலாளர்களின் நிலையில் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொள்கிறது. தென்மாவட்டங்களில் பணியிடப் படிநிலையோடு சாதிப் படிநிலையும் ஆண் என்ற அதிகாரமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய கண்காணிப்பாளர் கைது செய்யப்பட்டார். ஏற்கெனவே தொல்லை இருந்துவந்தது என்று குடும்பத்தினரும் தொழிற்சங்கத்தினரும் கூறினர்.

அந்தத் துயரத்திலிருந்து பிறந்த ஏற்பாடு கவனத்துக்குரியது. பெண்களால் வழிநடத்தப்படும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், அங்கிருந்து ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனம், பன்னாட்டுத் தொழிலாளர் உரிமை அமைப்புகள் ஆகியவை 2022 ஏப்ரலில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. திண்டுக்கல் உடன்படிக்கை என்று அதற்குப் பெயர். தையல் தளத்தில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே சிலர் பயிற்சி பெற்று, தொல்லைகளைக் கவனித்துத் தெரிவிக்கும் பொறுப்பை ஏற்றனர். கண்காணிப்பாளர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. புகார் தந்தவரைப் பழிவாங்குவது தடை செய்யப்பட்டது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் அதன் ஏற்றுமதி வணிகமே பாதிக்கப்படும் என்ற நிபந்தனையும் இருந்தது. முதலாண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட குறைகள் பதிவாகி, அவற்றில் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன.

நூற்றுக்கு மேல் புகார்கள் வந்ததா என்று பதறுவோர் இருக்கலாம். பொருளியல் மாணவனாக நான் அதை நல்ல அறிகுறியாகவே காண்கிறேன். புகாரே வராத ஆலையில் குறையே இல்லை என்பதைவிட, சொல்ல வழியில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஹிர்ஷ்மனின் கருத்தை இந்திய ஆயத்த ஆடை ஆலைகளிலேயே அச்யுத அத்வர்யு உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு ஊதிய உயர்வு கிடைக்காத நேரத்தில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த தொழிலாளர்களிடம் மட்டும் வேலைச் சூழலைப் பற்றியும் சூபர்வைசரைப் பற்றியும் பெயர் வெளியிடாமல் கருத்துக் கேட்டனர். அப்படிக் கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுச் செல்வதும் வராமல் இருப்பதும் மற்றவர்களைவிடக் குறைந்தது. ஒரு ரூபாய்கூட ஊதியம் கூடவில்லை. யாரோ கேட்டார்கள் என்பதே அவர்களை நிறுத்தியது.

இது ஆலைகளோடு முடியும் செய்தி அன்று. சென்னையின் பெருங்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் இளைஞர்களின் வாழ்வை விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2010-இல் 'அங்காடித் தெரு' திரைப்படமாக்கினார். விற்பனையாளருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத்திருத்தத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது 2021-இல். கேரளம் 2018-லேயே செய்திருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் உட்காரச் சட்டம் தேவைப்பட்டது என்றால், அங்கே மேற்பார்வை எப்படி நடந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

படித்தவர்களின் அலுவலகங்கள் மேலானவை என்ற எண்ணமும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2023 ஜூனில் கொல்கத்தாவில் ஒரு தனியார் வங்கியின் அதிகாரி இணையவழிக் கூட்டத்தில் ஊழியர்களைத் திட்டும் காணொலி பரவி, அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2024-இல் புனேயில் பன்னாட்டுத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்த நான்கே மாதங்களில், கேரளத்தைச் சேர்ந்த 26 வயதுப் பட்டயக் கணக்காளர் இறந்தார். பணிச்சுமையே காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. காவல் துறையில் கண்காணிப்பாளர் நிலையில் இருந்த பெண் ஐபிஎஸ் அதிகாரியே 2021-இல் உயரதிகாரிமீது புகார் தரச் சென்னைக்குச் செல்லும் வழியில் தடுக்கப்பட்டார். அவ்வழக்கில் 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த உயரதிகாரிக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. சீருடையும் பதவியும் உள்ளவருக்கே இந்நிலை என்றால், மாதக் கூலியை நம்பியிருப்பவரின் நிலை என்ன?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கண்டிப்பில்லாமல் ஆலை ஓடாது. கப்பலில் ஏற்ற வேண்டிய தேதி தவறினால் ஒப்பந்தமே போய்விடும் என்கிறார்கள் நிர்வாகத்தினர். அதில் உண்மை உண்டு. சூபர்வைசரும் பல வேளைகளில் இரு பக்கமும் இடிபடும் மத்தளம்தான். அவருடைய சம்பளமும் பெரிதன்று. மென்மையாகப் பேசி வேலையைக் கெடுப்பவரை நல்ல மேலாளர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், கண்டிப்பும் கொடுமையும் வேறு வேறு. கண்டிப்பானவரின் விதி முன்கூட்டியே தெரியும், அது எல்லோருக்கும் ஒன்றுதான், அவருக்கும் பொருந்தும். கொடியவரின் விதி அவருடைய மனநிலையோடு மாறும். ஆளுக்கொரு நீதியாக இருக்கும். கண்டிப்பானவர் வேலையைக் குறை சொல்வார்; கொடியவர் ஆளையும் பிறப்பையும் குடும்பத்தையும் இழுப்பார். கண்டிப்பானவரிடம் தவறு நடந்துவிட்டது என்று போய்ச் சொல்ல முடியும். இந்தக் கடைசி வேறுபாடுதான் தலையாயது.

ஆகவே, செய்ய வேண்டியவை என்ன? முதலாவது, 4-ஆவது பிரிவை உயிருள்ளதாக்க வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயர்களை ஆலை வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளை நிர்வாகம் நியமிக்காமல், தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை 30 நாள்களில் முடிந்தன என்ற கணக்கைத் தொழிலாளர் துறை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒரு மனுகூட வராத பெரிய ஆலைகளை முதலில் ஆய்வு செய்ய வேண்டும்.

இரண்டாவது, சட்டத்தின் வேலிக்கு வெளியே நிற்பவர்களைக் கவனிக்க வேண்டும். மேற்பார்வைப் பணியில் மாதம் ரூ.18,000-க்கு மேல் ஊதியம் பெறுபவர் புதிய தொகுப்பின்படி தொழிலாளி அல்லர். ஆசிரியர்கள் தொழில் தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளர் அல்லர் என்று உச்சநீதிமன்றம் 1988-லேயே கூறிவிட்டது. சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் முறையிட எங்கே போவார்? பாலியல் தொல்லைக்கு எதிராக, விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து 2013-இல் வந்த சட்டம் இருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நாள்தோறும் நிகழும் பொதுவான அவமதிப்புக்குத் தனிச் சட்டம் இல்லை. பணியிட வன்முறையையும் தொல்லையையும் தடுக்கப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும்.

மூன்றாவது, வெளியேறும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில தனியார் நிறுவனங்களில் இன்னும் இருக்கிறது. பிடித்தம் செய்த சம்பளத்தைக் கடைசியில்தான் தருவோம் என்று இழுத்தடிப்பதும் உண்டு. நூறாண்டுக்கு முன் ஒழிக்கப்பட்ட துண்டுச் சீட்டின் பேரப்பிள்ளைகள் இவை. கடுமையான தண்டத்துக்கு உரிய குற்றமாக இவற்றைக் கருத வேண்டும்.

நான்காவது, நிறுவனங்கள் தம் கணக்கு முறையை மாற்ற வேண்டும். ஒரு சூபர்வைசரின் பெயருக்கு நேரே உற்பத்தியை எழுதும்போது, அவருடைய பிரிவிலிருந்து அவ்வாண்டு எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை நாள் விடுப்பு விழுந்தது, எத்தனை பேர் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டார்கள் என்பவற்றையும் எழுத வேண்டும். பதவி உயர்வு தரும் முன், அவருக்குக் கீழே இருப்பவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்துக் கேட்க வேண்டும். நன்றாக நெய்பவரை மேஸ்திரியாகவும், நன்றாக ஆராய்ச்சி செய்பவரைத் துறைத்தலைவராகவும் ஆக்கிவிட்டு, ஆளை நடத்தும் கலையை யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்கும் பயிற்சி வேண்டும்.

இவை நடக்கும்வரை தனிமனிதர் என்ன செய்வது என்று என் பழைய மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்களிடம் நான் சொல்வது இதுதான். நடந்ததைத் தேதி, நேரம், உடனிருந்தவர் பெயரோடு அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வாய்மொழி உத்தரவு முறையற்றதாகத் தோன்றினால், 'தாங்கள் கூறியபடி இதைச் செய்கிறேன்' என்று பணிவாக எழுத்தில் அனுப்பி வையுங்கள். தனியாகப் புகார் தராதீர்கள். ஒருவர் தந்தால் அது அவருடைய குணக்கேடு என்பார்கள், ஐவர் தந்தால் விசாரிப்பார்கள். எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் சொல்லுங்கள், மௌனமாகச் சுமப்பது உடலைக் கெடுக்கும். வேறு வேலையைத் தேடிக்கொண்டு விலகுவது தோல்வி அன்று. இன்னொன்று: நாளை நீங்களும் ஒருவருக்கு மேலதிகாரி ஆவீர்கள். உங்களுக்கு நேர்ந்ததைக் கீழே இருப்பவருக்குத் திருப்பித் தராதீர்கள்.

வள்ளுவர் கொடுங்கோன்மைக்கு அடுத்ததாக 'வெருவந்த செய்யாமை' என்று ஒரு முழு அதிகாரத்தையே வைத்திருக்கிறார். தமக்குக் கீழே இருப்போர் அஞ்சி நடுங்கும்படி நடந்துகொள்ளாமை என்பது அதன் பொருள். அரசர்களுக்குச் சொன்ன அறிவுரைதான். முடியாட்சி போய்விட்டது, ஆனால் ஒவ்வோர் ஆலையிலும் அலுவலகத்திலும் சிற்றரசர்கள் இருக்கிறார்கள். நாட்டை ஆள்பவரைக் கேள்வி கேட்கவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவும் நமக்கு உரிமை இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் பாதியை ஆள்பவரிடம் ஒரு குறையைச் சொல்லக்கூட வழியில்லை என்றால், அந்த உரிமை வேன் ஏறும்வரைதான் உடன் வருகிறது. ஆலை வாசலைத் தாண்டியும் அது உள்ளே போக ஒரு சிறு கதவைச் சட்டம் இப்போது வைத்திருக்கிறது. அதைத் திறக்கும் பொறுப்பு மாநில அரசுக்கும் தொழிலாளர் துறைக்கும் உண்டு. திறந்திருக்கிறதா என்று கேட்கும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உண்டு.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), ஆலங்குளம்.